மூன்றாவது புரோப்: எடை பார்த்து ஒன்று, நீளம் பார்த்து ஒன்று, கடைசியில் கையுறை போட்டுப் பார்த்து ஒன்று

பனிச்சரிவில் புதைந்தவரைக் குத்தித் தேடும் மடக்குக் கம்பிதான் புரோப். முதல் புரோப்பை எடை பார்த்து வாங்கினேன். இரண்டாவதை நீளம் பார்த்து வாங்கினேன். மூன்றாவதைத்தான் கடையிலேயே தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, விற்பவர் முகம் சுளிக்கிற வரைக்கும் பிரித்து மடக்கிப் பார்த்து வாங்கினேன். இப்போது பையில் இருப்பது அதுதான். முதல் இரண்டும் என்ன ஆயின என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மூன்றாவது ஏன் பிடித்தது என்பது புரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பேக்கன்ட்ரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. லிஃப்டும் ரோந்தும் இல்லாத மலையில் ஸ்கீயோ ஸ்னோபோர்டோ செய்யப் போகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் மூன்று சாமான் இருக்க வேண்டும்: உடம்போடு கட்டிய டிரான்ஸீவர், பையில் பனியைத் தோண்டும் ஷவல், பையில் புரோப். டிரான்ஸீவர்கள் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசுகின்றன, யார் தயாரித்ததாக இருந்தாலும் ஒன்றின் சிக்னலை மற்றது கேட்கும். புதைந்தவருக்கு மேலே ஏறக்குறைய சரியான இடத்துக்கு அது உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆனால் 'இதோ, இந்தப் புள்ளிக்குக் கீழே, இவ்வளவு ஆழத்தில்' என்று உறுதியாகச் சொல்வது புரோப்தான். பார்க்கப்போனால் அது கூடாரக் கம்பியின் தம்பி. 40, 50 செ.மீ. துண்டுகளாகக் குழாய்கள், உள்ளே ஓடும் ஒரு கேபிள், மேல் முனையில் ஒரு பூட்டு. கேபிளை இழுத்தால் துண்டுகள் ஒன்றில் ஒன்று சொருகிக்கொண்டு இரண்டரை மூன்று மீட்டர் கம்பியாக நிற்கும்.

இவ்வளவு எளிய பொருளுக்கு இத்தனை யோசனையா என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் மீட்பு வேலையில் அதிக நேரத்தைத் தின்பது தோண்டுவதுதான். சரிந்து குவிந்த பனி மெத்தை மாதிரி இருக்காது, நின்ற சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். அதில் அரை மீட்டர் தள்ளித் தோண்ட ஆரம்பித்தால் அந்தத் தப்பைத் திருத்த எத்தனை நிமிடம் ஆகும் என்று பயிற்சியில் ஒருமுறை தோண்டிப் பார்த்தவருக்குத் தெரியும். சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரை நடந்த விபத்துகளை வைத்து 2024-ல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு கோடு செங்குத்தாக இறங்குகிறது. முன்பெல்லாம் 15 நிமிடம், 18 நிமிடம் என்று வகுப்புகளில் சொல்லிக்கொடுத்தார்கள், அந்த அவகாசமும் இப்போது இல்லை. டிரான்ஸீவர் தேடலும் தோண்டலும் போக புரோப்புக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு.

சரி, முதல் புரோப்புக்கு வருவோம். 240 செ.மீ., கார்பன், 200 கிராமுக்கும் கீழே. தாளில் பார்க்க அவ்வளவு அழகு. அதே நீளத்தில் அலுமினியம் என்றால் ஏறக்குறைய 100 கிராம் கூடும், அந்த 100 கிராமை மிச்சம் பிடித்தேன் என்று எனக்கு ஒரே பெருமை. பைக்குள் மாதக்கணக்கில் உருண்டுகொண்டிருந்த பாதி காலியான சன்ஸ்கிரீன் டியூபை எடுத்து வெளியே போட்டிருந்தால் அதே 100 கிராம் குறைந்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

புதுப்பனியில் அந்தப் புரோப் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு வசந்தகாலத்தில் நானும் நண்பனும் பழைய பனிச்சரிவு வந்து நின்ற இடத்துக்குப் பயிற்சிக்குப் போனோம். பகலில் உருகி இரவில் உறைந்து, உருண்டை உருண்டையாகக் கெட்டிப்பட்ட பனி. சாக்கு ஒன்றில் பழைய ஜாக்கெட்டுகளை அடைத்து உள்ளே ஒரு டிரான்ஸீவரை வைத்து ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அவன் புதைத்தான். நான் தேட வேண்டும். டிரான்ஸீவர் காட்டும் தூரம் 1.6 மீட்டர் வரை இறங்கியது, அந்த இடத்தில் குத்த ஆரம்பித்தேன். மூன்றாவது குத்தில் கம்பி பாதி இறங்கியதும் கையில் ஒரு நெளிவு தெரிந்தது. நான் நேராகத்தான் தள்ளுகிறேன், மேலே தெரிந்த பாதியோ வில் மாதிரி வளைகிறது. "டேய், அது எங்கேயோ போகுதுடா, இங்கே இல்ல" என்று பக்கத்தில் நின்றவன் கத்தினான். உறைந்த கட்டிகளுக்கு இடையில் சந்து தேடி முனை தன் போக்கில் ஒதுங்கிப் போயிருக்கிறது. ஐந்தாவது குத்தில் எதிலோ மெத்தென்று பட்டது, புரோப்பை அப்படியே விட்டுவிட்டுத் தோண்டினோம். சாக்கு அங்கே இல்லை, நான் கம்பியை நட்ட இடத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தது. மேலே நான் பிடித்திருந்த இடத்துக்கும் கீழே முனை தொட்ட இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கார்பனே கூடாது என்று நான் சொல்லவில்லை. மெல்லிய கார்பன் வேண்டாம் என்கிறேன். குழாயின் விட்டம் கூடக்கூட விறைப்பு கூடும். 13 மி.மீ. தடிமனில் வருகிற கார்பன் புரோப்புகளை நண்பர்கள் வைத்திருக்கிறார்கள், கெட்டிப்பனியிலும் நேராக இறங்குகின்றன. கடையில் இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. முழுதாகப் பூட்டி, ஒரு முனையைக் கையில் பிடித்து கிடைமட்டமாக நீட்டுங்கள். மறுமுனை தூண்டில் மாதிரி தொங்கினால் அப்படியே மடக்கித் திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்னொரு வித்தியாசமும் உண்டு: அலுமினியம் மிதிபட்டால் வளையும், வளைந்தது கண்ணுக்குத் தெரியும். கார்பன் அப்படிச் சொல்லிக்கொண்டு போகாது. என்னுடையது ஒருநாள் ஸ்கீ காலணிக்கு அடியில் மாட்டி, பார்க்க ஒன்றும் ஆகாத மாதிரி இருந்து, அடுத்த பயிற்சியில் மூட்டுக்குப் பக்கத்தில் பிளந்தது.

சூடுபட்ட பூனையாக, இரண்டாவது முறை எதிர்ப்பக்கம் போனேன். 320 செ.மீ., தடித்த அலுமினியம். மீட்புக் குழுக்கள் மூன்று மீட்டருக்கு மேல்தான் வைத்திருக்கின்றன, நாமும் அதையே வைத்துக்கொள்வோமே என்று ஒரு கணக்கு. கம்பியின் விறைப்பில் குறை இல்லை. பூட்டுதான் வில்லங்கம். கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கிற சின்ன நட்டைத் திருகி இறுக்க வேண்டிய வகை அது. வீட்டில் வெறுங்கையால் செய்தபோது ஆறு விநாடி. மலையில் கையுறையோடு செய்தபோது நட்டு பிடிக்கே வரவில்லை. கையுறையைக் கழற்றினேன், நட்டில் படிந்திருந்த ஈரம் உறைந்து அது அசையவே இல்லை. வாயால் ஊதி, விரல் மரத்துப்போய், ஒருவழியாக அரைகுறையாக இறுக்கினேன்.

அரைகுறையாக இறுக்கியதன் பலன் இரண்டாவது குத்திலேயே தெரிந்தது. தள்ளும்போது எல்லாப் புரோப்பும் நல்ல புரோப்தான். வெளியே இழுக்கும்போதுதான் பூட்டின் லட்சணம் தெரியும். இழுத்தேன், கீழேயிருந்து இரண்டாவது மூட்டு அரை அங்குலம் திறந்துகொண்டது. அந்த இடைவெளிக்குள் பனித்தூள் புகுந்து இறுகிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் மூட்டு முழுசாகச் சேரவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே ஏதோ லொடலொடவென்று ஆடுகிறது, அந்த ஆட்டத்தில் கீழே என்ன தட்டுப்படுகிறது என்பதே கைக்கு வந்து சேரவில்லை. புரோப்பில் நாம் நம்புவது கைக்கு வரும் அந்த உணர்வைத்தான், அதுவும் போய்விட்டால் பிறகு அது வெறும் கம்பு.

அதனால் என் கணக்கில் பூட்டு முதல், விறைப்பு இரண்டாவது, நீளம் மூன்றாவது. எடை எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து வரிசையில் நிற்கட்டும்.

இப்போது முக்கால்வாசி நல்ல புரோப்புகளில் ஒரே இழுப்பில் தானாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு வந்துவிட்டது. பிளாக் டயமண்ட் குவிக்டிரா என்கிறது, மாமுட் ஸ்பீட் லாக் என்கிறது, ஓர்டோவோக்ஸ் பிஎஃப்ஏ என்கிறது, பிசிஏவின் ஸ்டெல்த் வரிசையும் உண்டு. பெயர்தான் வேறு, நோக்கம் ஒன்று. பிடியை இழுக்க வேண்டும், அது பூட்டிக்கொள்ள வேண்டும், வேறு எதையும் திருகக் கூடாது. பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்: பிடி தடித்த கையுறைக்கு அடங்குகிறதா, பூட்டியது கைக்குத் தெரிகிறதா, பூட்டிய பிறகு இரண்டு துண்டுகளைப் பிடித்து எதிரெதிராக இழுத்தால் மூட்டு திறக்கிறதா. கேபிளின் இழுவிசையைக் கூட்டிக் குறைக்க வழி இருந்தால் நல்லது, ஏனென்றால் நாள்பட நாள்பட எந்தக் கேபிளும் கொஞ்சம் தளரும். ஸ்டீல் கேபிள் அவ்வளவாக நீளாது, ஆனால் ஈரத்தோடு மடக்கி வைத்தால் துருப்பிடிக்கும், மடிப்பு விழுந்தால் போகாது. கெவ்லார், டைனீமா மாதிரியான கயிறுகள் லேசானவை, துருப்பிடிக்காது. ஆனால் குழாயின் விளிம்பில் உரசி நார்நாராகப் பிரியலாம், அதனால் ஒவ்வொரு பருவமும் ஆரம்பிக்கும்போது மூட்டுகளைத் திறந்து உள்ளே கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

நீளத்தில்தான் ஆளாளுக்கு ஒரு கட்சி. முழுதாகப் புதைந்தவர்கள் சராசரியாக ஒரு மீட்டர் ஆழத்தில் கிடைக்கிறார்கள், இரண்டு மீட்டருக்குக் கீழே போனவர்களை உயிரோடு எடுப்பது அரிது. அப்படியென்றால் 240 போதுமே என்று தோன்றும். போதும்தான், ஆனால் அதுதான் குறைந்தபட்ச அளவு. நான் 280 பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஆழம் இல்லை, என் முதுகு. 240-ஐ இரண்டு மீட்டர் இறக்கினால் கையில் மிச்சம் 40 செ.மீ., சரிவில் மண்டியிட்டுக் குனிந்துதான் இழுக்க வேண்டும். 280-ல் அது 80 ஆகிறது, ஓரளவு நிமிர்ந்து நின்று வேகமாகக் குத்தலாம். 320 எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. காற்றடித்தால் மேல் பாதி ஆடுகிறது, விரிக்கவும் இடம் வேண்டும். தொழில்முறை வழிகாட்டிகளும் மீட்புக் குழுவினரும் அதை வைத்திருப்பதற்கு அவர்களுக்குத் தனிக் காரணம் இருக்கிறது.

ஸ்னோபோர்டு ஆட்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் பைகள் பெரும்பாலும் சின்னவை, சரிவில் மாட்டினால் காற்றடைத்து விரியும் ஏர்பேக் பை என்றால் அதிலும் பாதி இடத்தை அந்தச் சாதனமே பிடித்துக்கொள்ளும். அதனால் மொத்த நீளத்தை விட ஒரு துண்டின் நீளத்தைப் பாருங்கள். 50 செ.மீ. துண்டு பைக்கு வெளியே தலையை நீட்டுமா, நீட்டினால் ஷவல் வைக்கும் அறைக்குள் அடங்குமா என்று பையைக் கடைக்கே எடுத்துப் போய்ப் பார்ப்பது நல்லது. மலையேற மடக்குக் கம்புகள் வைத்திருப்பீர்கள், அவை இரண்டையும் சேர்த்துத் திருகினால் புரோப் ஆகிவிடும் என்று விற்கிற வகையும் உண்டு, அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். சரிவு அடித்து நின்ற பிறகு அடியிலிருக்கும் வட்டைக் கழற்றி, பிடியைக் கழற்றி, இரண்டையும் இணைத்து முடிப்பதற்குள் அந்த ஒரு நிமிடம் போய்விடும். கம்பில் ஒன்று சரிவோடு போயிருந்தால் அதுவும் இல்லை.

முனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் கவனித்துப் பாருங்கள், நல்ல புரோப்பின் முனை குழாயை விடக் கொஞ்சம் பருமனாக இருக்கும். முனை போடும் துளை பெரிதாக இருந்தால் பின்னால் வரும் குழாய் பக்கங்களில் உரசாமல் இறங்கும். முனையும் குழாயும் ஒரே பருமன் என்றால் ஆழம் போகப்போக மொத்த நீளமும் பனியோடு மல்லுக்கட்டும்.

அடுத்து அளவுக்குறிகள். முனையிலிருந்து தொடங்கி செ.மீ. கணக்கில் எண்கள் போட்டிருக்க வேண்டும், ஒட்டிய ஸ்டிக்கராக இல்லாமல் குழாயிலேயே பதிந்திருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு நிறம் என்று மாறினால் இன்னும் நல்லது, எண்ணைப் படிக்காமலே ஆழம் புரியும். இது அலங்காரத்துக்கு இல்லை. புரோப் எதிலாவது பட்டதும் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண், ஏனென்றால் எங்கே நின்று தோண்டுவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஆழம் 1.2 மீட்டர் என்றால் அதைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 1.8 மீட்டர், சரிவின் கீழ்ப்பக்கம் இறங்கி நின்று, கம்பியை நோக்கி உள்ளே வெட்டிக்கொண்டு போக வேண்டும். நேர் மேலே நின்று கிணறு தோண்டினால் உள்ளே இருப்பவரின் மேல்தான் நிற்போம். விபத்து இல்லாத நாட்களிலும் அந்த எண்கள் வீண் போவதில்லை, பனியின் மொத்த ஆழம் பார்க்கவும் அடுக்கு பார்க்கக் குழி வெட்டும்போதும் நான் புரோப்பைத்தான் எடுக்கிறேன்.

புதைந்தவரை நெருங்கும்போது ஒலியும் விளக்கும் காட்டுகிற எலக்ட்ரானிக் புரோப்பும் வந்ததுண்டு, பீப்ஸின் ஐபுரோப் அப்படி ஒன்று. சாமர்த்தியமான யோசனைதான். ஆனால் டிரான்ஸீவருக்கு பேட்டரி, போனுக்கு பேட்டரி, தலைவிளக்குக்கு பேட்டரி, கடைசியில் கம்புக்கும் பேட்டரியா என்று எனக்கு ஓர் அலுப்பு.

மூன்றாவது புரோப்: 280 செ.மீ., அலுமினியம், தானாகப் பூட்டும் வகை, 300 கிராமுக்குச் சற்று மேலே. மாடல் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், இந்தப் பொருட்களில் பெயர் அப்படியே இருக்க உள்ளே பூட்டு மாறிவிடும். நான் மெச்சியதை நீங்கள் வாங்கினால் வேறொன்று வந்து நிற்கலாம். உறையின் மேல் நாடாவை இழுத்தால் கட்டு மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது, உறை பறந்து போனால் போகட்டும். மேல் துண்டைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரிவின் கீழ்ப்பக்கம் வீசினால் துண்டுகள் தானாகவே வரிசையில் விழுகின்றன, மறு கையால் பிடியை ஓர் இழுப்பு, க்ளிக். கையுறையோடு எனக்குப் பத்து விநாடிக்குள் முடிகிறது. இரண்டு பருவமாகியும் மூட்டில் ஆட்டம் இல்லை. குறை என்று சொன்னால், மடக்கும்போது பூட்டை விடுவிக்கும் பொத்தான் கொஞ்சம் கடினம், குளிரில் இரண்டு கட்டைவிரலும் தேவைப்படுகிறது. அதற்கு என்ன அவசரம், மடக்குவதை மெதுவாகவே செய்யலாம்.

வாங்கியதோடு வேலை முடியவில்லை, கை பழக வேண்டும். டிரான்ஸீவரைப் பனியின் மேற்பரப்பை ஒட்டிப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி, எண் எங்கே மிகக் குறைவோ அங்கே முதல் குத்து. படவில்லையா, அங்கிருந்து 25 செ.மீ. தள்ளித் தள்ளி சுருள் வட்டமாக வெளியே போக வேண்டும். கம்பி சரிவின் பரப்புக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும், வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக அல்ல. நானே முதல் வருடம் முழுக்க இதைத் தப்பாகத்தான் செய்தேன். ஒரு கையைப் பனியின் பரப்பை ஒட்டி வைத்துக் கம்பிக்கு வழிகாட்டி, மறு கையால் தள்ளினால் அது கோணலாகாது.

என்ன தட்டுப்படுகிறது என்பது வாயால் சொல்லிப் புரிய வைக்கிற விஷயம் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். தரை என்றால் டக்கென்று நிற்கும், அதிர்வு முழங்கை வரை வரும். பனிக்கட்டி அடுக்கு முதலில் தடுத்து, அழுத்தினால் உடைந்து வழிவிடும். மனித உடல் இரண்டும் இல்லை. போய் நிற்கும், ஆனால் லேசாகத் திருப்பித் தள்ளும், ரப்பர் செருப்பை மிதித்தது மாதிரி. ஹெல்மெட்டோ காலணியோ என்றால் அதுவும் டக்கென்றுதான் வரும், அதனால் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இன்னொரு குத்து போட்டு ஆழம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பட்டது உறுதியானால் புரோப்பை உருவவே கூடாது, தோண்டுகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். நாங்கள் பயிற்சியில் பை, பலகை, நன்றாகச் சுற்றிய ஜாக்கெட் மூட்டை என்று மூன்றையும் புதைத்து வைத்து, எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழகினோம்.

வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்து, மூட்டுகளைத் தளர்த்தி, உள்ளே காயவிடுங்கள். ஈரத்தோடு மடக்கி வைத்த புரோப் அடுத்த முறை குழாய்க்குள் பனிக்கட்டியோடு வெளியே வரும். எண்ணெய் போடாதீர்கள், பிடிக்கிற இடமே வழுக்கும்.

பழைய 320-ஐ நான் தூக்கிப் போடவில்லை. பயிற்சி நாளில் சாக்கைப் புதைத்துவிட்டு, புதைத்தவனுக்கே இடம் மறந்துபோய் மூன்று பேரும் விழித்துக்கொண்டு நின்ற சம்பவம் ஒன்று நடந்தது. அன்றிலிருந்து தேடுகிறவர் திரும்பி நிற்கும்போது தூரத்தில் ஓர் அடையாளத்துக்கு அதை நட்டு வைக்கிறோம். நட்டைத் திருக வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும்.